சைலோவை எப்போது திறப்பது?

டெஃப்கான் கேமைப் புதிதாக ஆட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான் தோற்கிறார்கள். ஆட்டக் கடிகாரத்தில் 30-வது நிமிடம் வரும். திரையில் 'டெஃப்கான் 1' என்று விழும். இனி யார் வேண்டுமானாலும் அணு ஏவுகணை விடலாம். அவ்வளவுதான், ஏவுகணைகளை வைத்திருக்கும் ஆறு சைலோவையும் ஒரே மூச்சில் ஏவும் நிலைக்கு மாற்றிவிட்டு, எதிராளியின் ஊர்களைத் தேடித் தேடி க்ளிக் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அத்தனை நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆத்திரம், பாவம். கொஞ்ச நேரத்தில் அவர்கள் பக்கத்து வரைபடத்தில் ஒரு சைலோகூட மிஞ்சாது.

சைலோவைச் சுடும் சாமான் என்று மட்டும் நினைப்பதால் வருகிற வினை இது. இந்த கேமில் அது முதலில் காவலாளி. எப்போது அதைக் காவலிலிருந்து விடுவிக்கிறோம், எத்தனையை விடுவிக்கிறோம் என்பதில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும்தான் இந்தப் பதிவு.

கேமைத் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. இன்ட்ரோவர்ஷன் என்கிற சிறிய பிரிட்டிஷ் நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. 1983-ல் வந்த வார்கேம்ஸ் படத்தில் சுவர் அளவுத் திரையில் உலக வரைபடமும், அதன்மேல் ஏவுகணைகள் வளைகோடுகளாக ஓடுவதும் வருமே, அந்தக் காட்சியைத் தூக்கி கேமாக வைத்ததுபோல இருக்கும். இருட்டான வரைபடம், ஒளிரும் கோடுகள், மெல்லிய இசை. உற்றுக் கேட்டால் பின்னணியில் யாரோ இருமுவார்கள், ஒரு பெண் விசும்புவாள். நிலத்தடி பங்கர் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறோமாம். ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் வயிற்றைப் பிசையும்.

தங்கம் தோண்டுவது, மரம் வெட்டுவது, ஆள் சேர்ப்பது எதுவும் இங்கே கிடையாது. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ரஷ்யா, ஆசியா என்று ஆறு பகுதிகள்; ஆளுக்கொன்று. ஒவ்வொருவருக்கும் 6 சைலோ, 7 ரேடார், 4 விமானத்தளம், கடலில் 12 போர்க்கப்பல், 12 விமானந்தாங்கி, 12 நீர்மூழ்கி. வரைபடத்தில் வைத்துவிட்டால் வைத்ததுதான். சைலோவை அப்புறம் நகர்த்த முடியாது, ஒன்று போனால் புதிதாக ஒன்று முளைக்கவும் முளைக்காது. அதனால்தான் சைலோ விஷயத்தில் இவ்வளவு கருமித்தனம் தேவைப்படுகிறது.

இனி சைலோவுக்கு வருவோம். அதற்கு இரண்டு நிலைகள். வான்காப்பு நிலையில் இருந்தால் தன் எல்லைக்குள் வரும் எதிரி விமானத்தையும் ஏவுகணையையும் தானாகவே சுடும். ஏவும் நிலைக்கு மாற்றிவிட்டால் வானத்தில் என்ன வந்தாலும் கண்டுகொள்ளாது; தன்னிடமுள்ள 10 அணு ஏவுகணைகளை நீங்கள் காட்டிய இடத்துக்கு ஒன்றொன்றாக அனுப்பும். இரண்டையும் ஒருசேரச் செய்யாது. காவலிலிருந்து ஏவும் நிலைக்கு மாற ஆட்ட நேரத்தில் 2 நிமிடம் ஆகும். பிறகு ஒவ்வொரு ஏவுகணைக்கும் நடுவே இன்னொரு 2 நிமிடம். பத்தும் கிளம்பி முடிய ஏறக்குறைய 20 நிமிடம். பாதியில் பயந்துபோய் மறுபடியும் வான்காப்புக்கு மாற்றலாம் என்று பார்த்தால், திரும்பி வர ஆகிற நேரம் போன நேரத்தைவிட ரொம்பவே அதிகம்.

ஆட்டத்தை 20 மடங்கு வேகத்தில் ஓட்டினால் அந்த 20 நிமிடம் உங்கள் கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம்தான். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். எதிராளியின் குண்டுவீச்சு விமானமும் அதே 20 மடங்கு வேகத்தில்தான் வந்துகொண்டிருக்கும் என்பது அப்போது ஞாபகத்துக்கு வராது.

இதோடு போனாலாவது பரவாயில்லை. முதல் ஏவுகணை கிளம்பியதுமே எச்சரிக்கை அலறும், அந்த சைலோ எங்கே இருக்கிறது என்று ஆட்டத்திலிருக்கும் அத்தனை பேர் திரையிலும் தெரிந்துவிடும். அதுவரை யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தீர்கள். இப்போது ஊர்ப் பொதுவில் முகவரி எழுதி ஒட்டியாகிவிட்டது. அதுவும் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத நேரத்தில். ஒரு சைலோவை அழிக்க மூன்று அணுகுண்டு விழ வேண்டும். காவலில் இருக்கிற சைலோமேல் மூன்றைக் கொண்டுபோய்ப் போடுவது பெரிய பாடு. திறந்த சைலோமேல் போடுவது அப்படியில்லை.

அப்படியானால் ஒன்றொன்றாகத் திறக்கலாமே, மீதி ஐந்தும் காவல் காக்கட்டுமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி, ஆனால் அதுவும் பலிக்காது. ஒரு சைலோவிலிருந்து 2 நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஏவுகணை போனால், எதிராளியின் ஆறு சைலோவும் அந்த ஒற்றை ஏவுகணையைச் சுட முறை போட்டுக்கொண்டு காத்திருக்கும். ஒரு குறி தப்பினால் இன்னொரு குறி, அதுவும் தப்பினால் அடுத்த சைலோ. உங்கள் பத்து ஏவுகணையும் வழியிலேயே கருகும். வான்காப்பு ஒவ்வொரு முறையும் சரியாகச் சுடுவதில்லை, நிறையவே தவறவிடும். அதைத் திணறடிக்க வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் தலைக்குமேல் நிறையப் போய்ச் சேர வேண்டும்.

ஆக, எல்லாவற்றையும் திறந்தால் வீடு காலி, ஒன்றைத் திறந்தால் ஏவுகணை வீண். இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். எனக்குப் பிடிபட்ட வழி, அந்த எண்ணிக்கையை சைலோவிடம் கேட்காமல் கடலிடமும் விமானத்திடமும் கேட்பது.

12 நீர்மூழ்கியும் தலைக்கு 5 ஏவுகணை வைத்திருக்கின்றன. மொத்தம் 60. ஆறு சைலோவிலும் சேர்த்து இருப்பதும் அதே 60. இதைக் கவனிக்காமல் நீர்மூழ்கியைச் சும்மா ரோந்து சுற்ற விடுகிறவர்களை நினைத்தால் எரிச்சலாக வரும். நீர்மூழ்கியின் ஏவுகணை வெகுதூரம் போகாது, ஏவுவதற்கு மேலே வந்தாக வேண்டும், வந்தால் மாட்டிக்கொள்ளும். எல்லாம் சரி. ஆனால் கரைக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவதால் எதிராளிக்குச் சுட நேரம் கிடைப்பதில்லை. சைலோவின் ஏவுகணை உலகத்தின் எந்த மூலைக்கும் போகும், போய்ச் சேரத்தான் நேரமாகும்.

ஒருமுறை நான் தென் அமெரிக்கா, என் நண்பன் ஆப்பிரிக்கா. இரண்டு பேர் மட்டும். என் சைலோக்களை பொலிவியா, பிரேசில் உள்நாட்டுப் பக்கமாக ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் தூரத்தில் வைத்திருந்தேன். அவன் கப்பற்படை மொத்தத்தையும் திரட்டி பிரேசில் கரைக்கு அனுப்பிவிட்டான். என் கப்பல்கள் அங்கே அடி வாங்கிக்கொண்டிருக்க, இரண்டு நீர்மூழ்கி அணிகள் மட்டும் மெதுவாக கினி வளைகுடாவுக்குப் போய் அடியில் படுத்துக்கொண்டன. வாய்ஸ் சாட்டில் அவன் கேட்டான்: "மச்சான், உன் நீர்மூழ்கி ஒண்ணுகூட கண்ணுல படலையே, எங்கடா?"

"எங்கயாவது இருக்கும்டா, நீ ஆடு."

டெஃப்கான் 1 வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. அவனும் கொஞ்ச நேரம் பொறுத்தான், பிறகு பொறுக்க முடியவில்லை. எச்சரிக்கை அலறியது. கொங்கோ பக்கம் ஒரு சைலோ தெரிந்தது. அதையொட்டி இரண்டாவது, மூன்றாவது. ஆறும் திறந்துவிட்டதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நீர்மூழ்கிகளை மேலே கொண்டுவந்தேன். கணக்கு சுலபம். ஆறு சைலோவை அழிக்க 18 அடி வேண்டும். 12 நீர்மூழ்கி ஒரு தடவை சுட்டால் 12, இரண்டாவது தடவையும் சுட்டால் 24. நடுவில் சுட்டு வீழ்த்த அங்கே யாருமில்லை, ஏனென்றால் காவலாளிகள் எல்லாரும் எனக்கு ஏவுகணை அனுப்புவதில் மும்முரமாக இருந்தார்கள். கப்பலாவது வந்து நீர்மூழ்கியை அடிக்கலாம் என்றால் அவை பிரேசில் கரையில் நின்றன. பத்துப் பத்தாக வைத்திருந்த ஏவுகணைகளில் ஒவ்வொரு சைலோவும் சிலதைத்தான் அனுப்பியிருந்தது. மீதி அத்தனையும் சைலோவோடு போயிற்று.

அவன் அனுப்பியதில் சிலது என் காவலைத் தாண்டி விழத்தான் செய்தது. சாவோ பாலோவில் பாதிப் பேர் போனார்கள். ஆனால் அதற்கப்புறம் ஆப்பிரிக்காவின் வானத்தில் தடுப்பதற்கு எதுவுமில்லை. நான் நிதானமாக என் சைலோக்களைத் திறந்தேன். "இது போங்கு ஆட்டம்டா" என்றான் அவன். போங்கெல்லாம் இல்லை. இந்த கேமில் எதிராளி ஏவுகிற நேரம்தான் அவனை அடிக்க வேண்டிய நேரம்.

ஆனால் எதிராளியும் இதைத் தெரிந்தவனாக இருந்தால்? அவனும் திறக்க மாட்டான், நாமும் திறக்க மாட்டோம், கடிகாரம் ஓடும். இந்த இடத்தில்தான் விமானங்கள் உதவும். போர் விமானங்களை முன்னால் அனுப்பினால் சைலோக்கள் அவற்றைச் சுடுவதில் மும்முரமாகும். பின்னாலேயே குண்டுவீச்சு விமானங்கள் நுழையும். அதே சமயத்தில் ஆறில் இரண்டோ மூன்றோ சைலோவை, எல்லைக்கு எட்டத்தில் இருப்பவையாகப் பார்த்துத் திறக்க வேண்டும். மீதி காவலில் நிற்கட்டும். கரையோர சைலோவைக் கடைசிவரை திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

திறக்கும்போது இலக்குகளைக் கொடுக்கும் வரிசையும் முக்கியம். 2 நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்புவதால், கிட்டத்திலிருக்கும் ஊரை முதலில் காட்டினால் ஏவுகணைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் மாட்டும். தொலைவில் இருப்பதை முதலில், கிட்டத்தில் இருப்பதைக் கடைசியில் காட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறங்கும். கல்யாணச் சமையலில் வேக நேரமெடுப்பது முதலில் அடுப்பேறுவதுபோல. நீர்மூழ்கியின் ஏவுகணை சீக்கிரம் போய்ச் சேருவதால் அது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

எதைக் குறிவைப்பது? வழக்கமான ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 25 நகரம், மொத்தம் 10 கோடி ஜனம். ஒவ்வொரு குண்டும் அந்த ஊரில் அப்போது இருக்கும் ஜனத்தில் பாதியைக் கொல்லும். கொன்ற ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் 2 புள்ளி, இழந்த ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் 1 புள்ளி கழிவு. (எழுதும்போதே கை கூசுகிறது. அந்தக் கூச்சத்தைத்தான் கேம் செய்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள்.) கணக்கைப் பாருங்கள்: 25 ஊரிலும் ஆளுக்கொன்று விழுந்தால் 5 கோடி. அடுத்த 25 குண்டுக்கு 2.5 கோடிதான். அதற்கடுத்த 25-க்கு 1.25 கோடி. ஒரே பெரிய ஊர்மேல் ஐந்தாறு ஏவுகணையைக் கொட்டுகிறவர்கள், பாதியின் பாதியின் பாதிக்காக சைலோவைக் காலி செய்கிறார்கள். தடுப்பில் வீழ்வதற்கென்று பெரிய ஊருக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வைக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

சைலோவை அடித்தால் ஒரு புள்ளியும் கிடையாது. அதனாலேயே பலர் அதை விட்டுவிட்டு நேரே ஊருக்குப் போகிறார்கள். எனக்கு முதல் சுற்று எப்போதும் சைலோக்களுக்குத்தான். அது ஒழிந்தால் அப்புறம் அனுப்புவதெல்லாம் போய்ச் சேரும்.

வைக்கும் இடத்தைப் பற்றி நாலு வார்த்தை. சைலோவுக்குக் கை நீளம், கண் கிட்டப்பார்வை. தானாகப் பார்க்கக்கூடிய தூரத்தைவிட வெகு அதிகமான தூரத்துக்கு அதனால் சுட முடியும். எட்டத்தில் வருவதைக் காட்டிக்கொடுக்க ரேடார் வேண்டும். அதனால் ரேடாரை முன்னால், கரையோரத்தில். சைலோவை உள்ளே, ரேடார் பார்வைக்குள். ரேடார் ஒரே குண்டில் போய்விடும் என்பதால் இரண்டு ரேடாரின் வட்டம் ஒன்றன்மேல் ஒன்று விழட்டும். சைலோக்களை நாடு முழுக்கத் தூவாதீர்கள். தனியாக நிற்கிற சைலோ திறந்ததும் செத்தது. கூட்டமாக நிற்பதில் ஒன்றைத் திறந்தால் மற்றவை அதைக் காக்கும்.

நிஜ உலகத்திலும் இதே புவியியல்தான். அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணைகள் மொன்டானா, வடக்கு டகோட்டா, வயோமிங் என்று நாட்டின் உள்பகுதியில், கடலுக்கு எட்டத்தில் புதைந்து கிடக்கின்றன. நிலத்தடியில் இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறைக்கு 10 ஏவுகணை என்று பிரித்திருக்கிறார்கள்; நம் கேம் சைலோவிலும் பத்து. எதிரியின் குண்டுகளைத் தங்கள்மேல் இழுத்துக்கொள்வதுதான் அந்த சைலோக்களின் உண்மையான வேலை என்று வாதிடுகிறவர்களும் அங்கே உண்டு. நிஜ சைலோ வானத்தைக் காக்காது என்பது பெரிய வித்தியாசம். அதற்குத் தனியாக வடக்கு டகோட்டாவில் சேஃப்கார்ட் என்று ஒரு தடுப்பு ஏவுகணை நிலையம் கட்டினார்கள். 1975-ல் இயங்க ஆரம்பித்து, சில மாதங்களிலேயே மூடிவிட்டார்கள்.

கேமும் நிஜமும் ரொம்பக் கிட்ட வருவது வேறோரிடத்தில். ஏவுகணை வருகிறது என்று தெரிந்ததும், அது வந்து விழுவதற்குள் நம்முடையதை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் குழிக்குள்ளேயே அழியும் என்கிற பதைப்பு. பனிப்போர்க் காலம் முழுக்க இரண்டு வல்லரசுகளையும் ஆட்டிவைத்தது இதுதான். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கைக் கணினி அமெரிக்காவிலிருந்து முதலில் ஒன்று, பிறகு நான்கு ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகச் சொன்னது. பணியிலிருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அதை நம்பவில்லை. போரை ஆரம்பிக்கிறவன் ஐந்தே ஏவுகணையோடு ஆரம்பிக்க மாட்டான் என்பது அவர் நியாயம். மேகத்தில் பட்ட சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று காட்டியிருந்தது.

டெஃப்கானில் எச்சரிக்கை பொய் சொல்லாது, வருகிறது என்றால் வருகிறதுதான். ஆனாலும் பெத்ரோவின் கேள்வி இங்கே உதவும்: எத்தனை? ஒரே ஒரு சைலோவிலிருந்து வந்தால் எதிராளி உங்களைச் சீண்டுகிறான். நீங்கள் பதறி எல்லாவற்றையும் திறக்க வேண்டும், அதுதான் அவனுக்குத் தேவை. அவனுடைய ஐந்து சைலோ இன்னும் காவலில் நிற்கிறது. அப்போது கை மவுஸ் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். சைலோமேலேயே குண்டு வந்துகொண்டிருந்தாலும் திறக்காதீர்கள். மாறுவதற்கே 2 நிமிடம் போய்விடும், சுடவும் முடியாது, காக்கவும் முடியாது.

மற்ற கேம்களில் இந்தத் தலைவலியே இல்லை. ரெட் அலர்ட் 2-ல் 5000 கொடுத்து சைலோ கட்டினால் 10 நிமிடக் கடிகாரம் எல்லார் திரையிலும் ஓடும். அது முடிவதற்குள் எதிரி வந்து இடித்தால் உண்டு, இல்லையென்றால் ஒரு பெரிய வெடி, அப்புறம் மறுபடியும் 10 நிமிடம். ஸ்டார்கிராஃப்டில் சைலோ கட்டுவது சுலபம், கோஸ்ட் வீரனை ஒளித்து எதிரிப் பாசறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் கஷ்டம். இரண்டுமே நல்ல கேம்தான். ஆனால் அங்கே சைலோ வெறும் ஆயுதம். திறப்பதால் நீங்கள் இழப்பது எதுவுமில்லை.

ஆறு பேர் ஆடினால் இன்னொரு தொல்லை, கூட்டணி. கூட்டாளிகள் ரேடாரைப் பகிர்ந்துகொள்ளலாம், அவர்கள் சைலோ உங்கள் விமானத்தைச் சுடாது. எல்லாம் இனிக்கும். ஆனால் கடைசியில் ஜெயிப்பது ஒருவர்தான் என்பது கூட்டாளிக்கும் தெரியும். பொது எதிரியை அடிக்க நீங்கள் சைலோவைத் திறந்த நேரம் பார்த்து அவன் கழன்றுகொண்டால், உங்கள் ஒவ்வொரு சைலோவும் எங்கே இருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கூட்டணியில் இருக்கும்போது முதலில் திறக்கிறவராக நீங்கள் இருக்காதீர்கள்.

கடைசிக் கட்டத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உலகத்திலுள்ள அணு ஏவுகணைகளில் 80 சதவீதம் தீர்ந்ததும் 45 நிமிட முடிவுக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். பெரும்பாலானவர்கள் அதற்குள் காலியாகியிருப்பார்கள். அந்த நேரத்தில் நிரம்பிய சைலோ ஒன்று உங்களிடம் மிச்சம் இருந்தால், எதிரே தடுக்க ஆளில்லாத வானத்தில் அந்தப் பத்து ஏவுகணை செய்கிற வேலையை ஆரம்பத்தில் முப்பது ஏவுகணை செய்திருக்காது. ஆனால் அதை 45 நிமிடத்தின் கடைசி ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். நிலை மாற 2 நிமிடம், பத்தும் கிளம்ப 20 நிமிடம், அதற்குமேல் போய் விழும் நேரம். கடிகாரத்தில் இன்னும் 35 நிமிடம் மிச்சம் இருக்கும்போதே அதைத் திறந்துவிடுங்கள்.